உள்ளே மடக்காத முனை

வீரணன் வீட்டுப் பீரோவுக்கு விலங்கு போட்டிருக்கிறது என்பது திருப்பரங்குன்றம் ரயில்வே லைன் ஓரத்துத் தெருவில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எட்டு எம்.எம். கம்பியை வளைத்துப் பீரோவின் தோளைச் சுற்றிக் கொண்டுவந்து, சுவரில் துளை போட்டு, போல்ட் வைத்து முடுக்கியிருக்கிறார் மனுஷன். கேஸ் சிலிண்டருக்குச் சங்கிலி. பாத்திர அலமாரிக்குக் குறுக்கே ஒரு கம்பி. வாசல் நிலையில் ஆணியில் ஒரு பை தொங்கும். அதில் டார்ச், விசில், ரெண்டு பாட்டில் தண்ணீர், பிஸ்கட், ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல். ஆறு மாதத்துக்கு ஒருதரம் பிஸ்கட்டை மாற்றுவார்.

"பீரோவுக்குக் கால் முளைச்சு எழுமலைக்கு ஓடிப்போயிருமாக்கும்" என்பாள் அவர் மனைவி முத்துமீனா. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அந்தப் பையைக் காட்டிச் சிரிப்பாள். ஆனால் இத்தனை வருஷத்தில் அதை ஆணியிலிருந்து ஒருநாளும் கழற்றியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீரணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. எழுமலைப் பக்கத்து ஆள். கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிற மேஸ்திரி. மதுரையைச் சுற்றி அவர் கம்பி கட்டிய வீடுகள் இருநூறுக்குக் குறையாது. அத்தனை வீட்டுக்குக் கம்பி கட்டியவர், தன் வீட்டுக் கான்கிரீட் கூரைக்குக் கீழே ஒருநாள்கூடப் படுத்ததில்லை. கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நார்க்கட்டில், தலைமாட்டில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர். அதைக் குடிக்க மாட்டார். பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். தண்ணீர் நெளிந்தால் எழுந்து நிற்பார். ரயில்வே லைன் ஓரத்தில் குடியிருக்கிற ஒருத்தருக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை, யோசித்துப் பாருங்கள்! கூட்ஸ் போனால் தண்ணீர் எப்படி நெளியும், எக்ஸ்பிரஸ் போனால் எப்படி நெளியும், தூரத்துக் குவாரியில் வெடி போட்டால் எப்படித் துள்ளும் என்று அவருக்கு அத்துபடி. இருந்தும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பார்.

கல்யாண மண்டபத்துக்குப் போனால் கதவோரத்து இலையில்தான் உட்காருவார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அத்தனை நிழல் இருக்க, வெயிலில் நிற்பார். கிறுக்கு என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. குஜராத் பூகம்பத்தில் தப்பித்து வந்தவர், பயம் தெளியவில்லை, பாவம் என்றார்கள். பயம் என்பது பாதிதான். மீதிப் பாதி வீரணனுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மீதி இதுதான். தொண்ணூற்றொன்பதில் அவர் குஜராத்தில் இருக்கிற காந்திதாமுக்குப் போனார், தங்கச்சி தங்கப்பொண்ணுவின் புருஷன் சிவனாண்டியையும் கூட்டிக்கொண்டு. ஐந்து மாடி பிளாட். கம்பி வேலை முழுக்க வீரணன் பொறுப்பு. டன் கணக்குக் கூலி என்பதால் கை எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு. பில்லரில் செங்குத்தாக நிற்கும் கம்பிகளைச் சுற்றி, வரிசையாக ரிங் போடுவார்கள். கம்பிகள் பிதுங்கி வெளியே போகாமல் பிடித்துக்கொள்வது அந்த ரிங்தான். சுற்றி வந்த ரிங்கின் ரெண்டு முனைகளும் சேருகிற இடத்தில் முனையை ஒரு மடக்கு மடக்கி அப்படியே பில்லர் ஓரமாக விட்டுவிடலாம். இல்லையென்றால் இன்னொரு அழுத்து அழுத்தி, பில்லரின் நடு வயிற்றைப் பார்த்து உள்ளே மடக்கலாம். பூமி ஆடினால் உள்ளே மடக்கியது பிடி விடாது. ஓரமாக விட்டது மேல்பூச்சு உதிர்ந்ததும் வாயைத் திறந்துவிடும். வயசான குஜராத்தி இன்ஜினியர் ஒருத்தர் தன் கையாலேயே ஒரு ரிங்கை வளைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் வீரணன் பழையபடி ஒரே மடக்கில் ரிங்கைத் தள்ள ஆரம்பித்தார். சிவனாண்டிதான் தயங்கினான்.

"மச்சான், உள்ள மடக்கச் சொன்னாங்களே?"

"எவன் மாப்ள பில்லருக்குள்ள தலையை விட்டுப் பாக்கப் போறான்? அடிச்சு விடு."

இவ்வளவுதான் பேச்சு. சிவனாண்டி சிரித்துவிட்டு அடித்து விட்டான். அப்போது வீரணனுக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் கான்கிரீட் போட்டு மூடியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்றுதான் தோன்றும்.

ரெண்டாயிரத்தொன்று, ஜனவரி இருபத்தாறு. அந்தக் கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்து, அடுத்த மனையில் வேலை நடந்துகொண்டிருந்தது. வீரணனும் சிவனாண்டியும் தாங்கள் கம்பி கட்டிய பிளாட்டின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்து மூலை அறையில்தான் தங்கியிருந்தார்கள். குடியரசு தின லீவு. நல்ல குளிர். காலை எட்டரை தாண்டியும் சிவனாண்டி போர்வைக்குள் கிடந்தான். முந்தின வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தவனுக்கு, அங்கே ஆண்பிள்ளை பிறந்து நாலு மாதம். முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருந்தான், அந்தப் போட்டோ தலையணைக்குக் கீழே இருந்தது. டீ வாங்கிவருகிறேன் என்று வீரணன் தூக்குவாளியோடு ரோட்டுக்குப் போனார்.

பூமி ஆடியதை அவர் யாரிடமும் விவரித்ததில்லை. கேட்டால், "ஆடுச்சு" என்பார். தூக்குவாளி டீ முழங்காலெல்லாம் கொட்டியது, சூடு உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஐந்து மாடி இருந்த இடத்தில் தூசி இருந்தது. எதிர் வரிசையில் ஒரு கட்டடம் விரிசல் விட்டு நின்றது. ஆனால் நின்றது.

மூன்றாம் நாள் மிஷின் வந்து பாளங்களைத் தூக்கியது. அப்போது ஒரு பில்லரை வீரணன் பார்த்தார். பொத்தான் தெறித்த சட்டை மாதிரி ரிங் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கம்பிகள் வெளியே பிதுங்கிக் கிடந்தன. இது வேறு யாராவது கட்டியதாக இருக்கக் கூடாதா என்று குனிந்து பார்த்தார். வீரணன் இடதுகைக்காரர். கட்டுக்கம்பியைக் கொக்கியில் மாட்டி அவர் சுற்றினால், மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திருகும். அந்தப் பில்லரில் இருந்த அத்தனை கட்டும் எதிர்ப்பக்கத் திருகு. அதற்கு ரெண்டடி தள்ளி சிவனாண்டியின் கால் தெரிந்தது.

ஊருக்கு வந்து தங்கச்சியிடம் சாம்பலைக் கொடுத்தபோது, "பூமி ஆடுனா யாரு என்ன செய்ய முடியும் ஆத்தா" என்றார். அவளுக்கு இருபத்திரண்டு வயது. மடியில் நாலுமாதப் பிள்ளை. அந்த நிலையில் அவள் இவர் தலையைத் தடவி, "நீயாச்சும் உசுரோட வந்தியேண்ணே" என்றாள். அந்தக் கை பட்ட இடம் இன்னும் சுடுகிறது அவருக்கு.

அதன்பிறகுதான் மனுஷன் மாறிப்போனார். மதுரை வட்டாரத்தில் ரிங் முனையை உள்ளே மடக்குகிற ஒரே கம்பி மேஸ்திரி என்று பெயர் வாங்கினார். வேலை இழுக்கும், அதனால் பாதிப் பேர் கூப்பிட மாட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார். ஒவ்வொரு ரிங்கை மடக்கும்போதும் காதுக்குள் அதே குரல்: மச்சான், உள்ள மடக்கச் சொன்னாங்களே? அதற்கு அவரால் பதில் சொல்ல முடிந்ததில்லை. இருபத்துநாலு வருஷமாக ஒரே கேள்வி.

தங்கப்பொண்ணு அதே இருபத்துநாலு வருஷமும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பூக்கட்டினாள். மல்லிகையும் பிச்சியும் கட்டிக் கட்டி மகன் சூரியபிரகாஷை சிவில் டிப்ளமோ படிக்கவைத்தாள். திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே ரெண்டேகால் சென்ட் இடமும் வாங்கிவிட்டாள். போன வருஷம் அதில் வீடு ஆரம்பித்தார்கள். வரைபடம் மகனுடையது. கம்பி வேலை தாய்மாமனுடையது. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

பில்லருக்குக் கம்பி நிறுத்தும் நேரம் பார்த்து வீரணனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் தங்க மாட்டேன் என்று பத்து நாள் கொட்டகைக் கட்டிலிலேயே கிடந்தார். அவரிடம் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிற ராம்கி, "நீங்க படுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றான். பார்த்துக்கொண்டான். எப்படி? கடையில் மிஷினில் வளைத்து மூட்டை மூட்டையாக விற்கிறார்களே ரெடிமேடு ரிங், அதை வாங்கிவந்து ஒரே வாரத்தில் பன்னிரண்டு பில்லரையும் கட்டி முடித்துவிட்டான்.

கான்கிரீட் போடுகிற அன்று காலை, உடம்பு பாதி தேறிய நிலையில் வீரணன் வந்து சேர்ந்தார். கலவை மிஷின் நின்றது. ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாம் தயார். கான்கிரீட்டை ஊற்ற, கம்பியைச் சுற்றிப் பலகையால் பில்லர் பெட்டியெல்லாம் அடித்து நிறுத்தியிருந்தார்கள். ஸ்டூலில் ஏறி முதல் பெட்டிக்குள் டார்ச் அடித்தார். ரிங் முனைகள் ஓரமாகக் கிடந்தன. அடுத்த பெட்டி. அதுவும் அப்படியே. மூன்றாவது பெட்டியையும் பார்த்துவிட்டு இறங்கினார்.

"சூர்யா, மிஷினை நிறுத்துப்பா. பெட்டியைக் கழட்டணும்."

"என்ன மாமா விளையாடுறீங்களா? கூலியாளு பதினாலு பேரு வந்து நிக்கிறாங்க."

"ரிங்கு முனை உள்ள மடங்கல."

சூரியபிரகாஷ் நல்ல பிள்ளை. மாமனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பொறுமையாகவே சொன்னான். "மாமா, மதுரை ரெண்டாம் மண்டலம். பூகம்பம் ரொம்பக் குறைவான இடம். இங்க அப்பிடி மடக்கியே ஆகணும்னு விதியே கிடையாது. ஊர்ல எல்லா வீடும் இப்பிடித்தான் நிக்குது."

"எல்லா வீடும் இன்னும் ஆடல, அதான் நிக்குது."

"இது காந்திதாம் இல்ல மாமா!"

அப்போதுதான் தங்கப்பொண்ணு வந்தாள். மிஷினுக்குப் போட ஒரு மல்லிகைச் சரமும், உடைக்கத் தேங்காயும், சூடமும் பையில். மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள், சேலையெல்லாம் பூ வாசம். அண்ணனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்ல நேரம் போகுது, என்ன பேச்சு ரெண்டு பேருக்கும்?"

"மாமா பயப்படுறாரும்மா. எல்லாத்தையும் பிரிச்சு மறுபடியும் கட்டணுமாம்."

"எண்ணே, எம்புட்டு நாளைக்குத்தான் பயந்துக்கிட்டே இருப்ப? பூமி ஆடுனா யாரு என்ன செய்ய முடியும்? நீதான சொன்ன." சொல்லிக்கொண்டே சூடத்தை எடுத்தாள்.

இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தி வீரணன் சொன்ன பொய் தங்கச்சி வாயிலிருந்து திரும்பி வந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டால் இந்தப் பன்னிரண்டு பெட்டியும் மூடிவிடும். அதற்குக் கீழே தங்கச்சி படுப்பாள். அவள் மகன் படுப்பான். வாயைத் திறந்தால் தங்கச்சி போய்விடுவாள். திறந்தார்.

"நான் பொய் சொன்னேன் ஆத்தா. பூமி ஆடுச்சு, அது நெசம். ஆனா எதுத்த கட்டடம் நின்னுச்சு. விழுந்தது நான் கட்டுனது. உள்ள மடக்கச் சொன்னாங்க, நான் மடக்கல. மாப்ள கேட்டாப்ல. எவன் உள்ள தலையை விட்டுப் பாக்கப் போறான்னு நாந்தான் சொன்னேன்."

மிஷின்காரன் பீடியை எறிந்துவிட்டு எழுந்து நின்றான். தங்கப்பொண்ணு மணல் குவியலில் உட்கார்ந்தாள்.

"அது நீ கட்டுனதுன்னு எப்பிடித் தெரியும்?" என்றாள். பிறகு குரல் இறங்கி, "அம்புட்டுப் பேரு வேலை செஞ்சிருப்பாக. வேற ஆளு கட்டுனதா இருக்கலாம்ல?"

தப்பிக்க ஒரு வழியை அவளே திறந்துவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது. அதுதான் அவரைக் கொன்றது. இடதுகையைத் தூக்கி, காற்றில் கொக்கியைச் சுற்றுவதுபோல ஒரு சுற்று சுற்றிக் காட்டினார்.

அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மார்க்கெட்டில் நூறு சரத்தைக் குவித்துப் போட்டாலும் எது யார் கட்டியது என்று முடிச்சைப் பார்த்தே பிரித்தெடுக்கிறவள் அவள். சின்ன வயதில் அண்ணன் கட்டிய ஆட்டுக்கயிற்றை அவிழ்க்க முடியாமல் அழுதவள். எதிர்ப்பக்க முடிச்சு அவளுக்குத் தெரியும்.

சூடத்தைப் பைக்குள் திரும்பப் போட்டாள். "சூர்யா, மிஷினை அனுப்பு. ரிங்கு எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லு. புதுசா இவரே வளைக்கட்டும். வேற ஆளு தொடக் கூடாது."

அண்ணன் என்று சொல்லவில்லை. 'இவர்' என்றாள்.

காய்ச்சல் உடம்போடு வீரணன், ரிங் வளைக்கப் பலகையில் ஆணியடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பில்லருக்கு இருபத்தெட்டு, பன்னிரண்டு பில்லருக்கு முந்நூற்று முப்பத்தாறு ரிங். ராம்கி அழுகிற மாதிரி வந்து நின்றான். "மன்னிச்சுருங்கண்ணே, நம்ம ஊர்லதானேன்னு நெனைச்சுட்டேன்" என்றான். "நானும் அப்பிடித்தாண்டா நெனைச்சேன்" என்று அனுப்பிவிட்டார். ஆறு நாள். ஒவ்வொரு முனையையும் உள்ளே மடக்கி, இடதுகையால் கட்டினார். தங்கப்பொண்ணு தினமும் மார்க்கெட் முடிந்து வந்து மணலில் உட்கார்ந்து பார்ப்பாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கமாட்டாள். ஏழாம் நாள் பெட்டிக்குள் அவளே டார்ச் அடித்துப் பார்த்தாள், பன்னிரண்டையும். பிறகுதான் கான்கிரீட் போட விட்டாள்.

அதற்கப்புறம் ஏழு மாதம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேல்தளத்துக்குக் கம்பி கட்டும்போதும் பேசவில்லை. தீபாவளிக்கு வரவில்லை. சூரியபிரகாஷ் மட்டும் எப்போதாவது போன் செய்து, "சாப்பிட்டீங்களா மாமா" என்பான். அப்பா செத்தது எப்படி என்று தெரிந்தபிறகும் அந்தப் பிள்ளை அப்படிக் கேட்டதில் வீரணன் கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுதார். முத்துமீனாவுக்கும் அப்போதுதான் எல்லாம் தெரியவந்தது. அன்றிலிருந்து பீரோ கிண்டலை அவள் விட்டுவிட்டாள். கிண்டல் நின்றது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தை பிறந்து பால் காய்ச்சு வைத்தார்கள். பத்திரிகையை சூரியபிரகாஷ்தான் கொண்டுவந்து கொடுத்தான். பிறந்தவீட்டுச் சீர் இல்லாமல் ஒரு பெண் புதுவீட்டுக்குள் எப்படிப் போவாள்? குத்துவிளக்கு, பித்தளைக் குடம், சேலை, வேட்டி எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வீரணனும் முத்துமீனாவும் போனார்கள். தங்கப்பொண்ணு தாம்பாளத்தை வாங்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வழக்கம்போல வாசலோரத்து இலையில் சாப்பிட்டுவிட்டு, வெளியே வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டார்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. தங்கப்பொண்ணு வெளியே வந்தாள்.

"உள்ள வா."

போனார். கூடத்தில் ஒரு புதுப்பாய் விரித்திருந்தது, நடுவில், கூரைக்கு நேர் கீழே.

"படு."

"ஆத்தா..."

"நீ கட்டுன கூரைதான? நீ மொதல்ல இதுக்குக் கீழ படு. நீ தூங்கி எந்திரிச்சாத்தான் எம்பிள்ளையை இதுல படுக்க விடுவேன். அவுக அப்பாவைப் படுக்கவிட்டு நீ டீ வாங்கப் போன மாதிரி இப்பப் போகாத."

முத்துமீனா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வீரணன் பாயில் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்த்தது. "ஒரு டம்ளர் தண்ணி குடுக்கிறியா" என்றார். கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, இருபத்துநாலு வருஷத்தில் முதல்தடவையாகக் கான்கிரீட்டைப் பார்த்து மல்லாந்தார். தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி. தண்ணீர் லேசாக நெளிந்தது. கால்கள் தாமாகவே மடங்கின, எழுந்துவிடப் பார்த்தார்.

தங்கப்பொண்ணு குனிந்து டம்ளரை எடுத்தாள். ஒரே மூச்சில் அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டு, வெறும் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. முடியல, பாத்துட்டேன். ஆனா நீ இனிமே தண்ணியைப் பாத்துக்கிட்டுக் கிடக்க வேணாம். தூங்கு. நான் முழிச்சிருக்கேன்."

நிலைப்படியில் போய் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வீரணன் கண்ணை மூடினார். மூடியதும் அந்தக் குரல் வந்தது, வழக்கம்போல, போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. மச்சான், உள்ள மடக்கச் சொன்னாங்களே?

"மடக்கிட்டேன் மாப்ள" என்றார் வாய்விட்டு. "முந்நூத்தி முப்பத்தாறும் மடக்கிட்டேன்."

நிலைப்படியில் தங்கப்பொண்ணு திரும்பவில்லை, யாரிடம் பேசுகிறாய் என்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.